வளையத்துக்கு வெளியே

காஜாங்,
12.4.2025

மச்சான் சசிதரனுக்கு,

புனிதன் எழுதுவது. உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். உன் தங்கை குமுதாதான் யோசனை சொன்னாள்: “லெட்டர் போடுங்க. எங்கண்ணன் போன எடுக்க மாட்டாரு. ஆனா வாசலுக்கு வந்த லெட்டரப் பிரிக்காம இருக்க அவரால முடியாது. வாத்தியார் புத்தி.”

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் புக்கிட் பெலண்டோக்கில், உன் தோட்டத்து மூன்றாம் டிவிஷனில், நாம் படம் எடுத்தோமே, விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோள் நெபுலா, அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரை இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

போன வாரம் பல்கலைக்கழக விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒருவர் சட்டத்துறை. அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதான விண்மீன் தன் மேல்பகுதியை வாயுவாக உதறுகிறது, அது வளையமாகப் படர்ந்து ஒளிர்கிறது, பழைய தொலைநோக்கிகளில் கோளின் வட்டம் போலத் தெரிந்ததால் இந்தப் பெயர் என்றேன். வளையத்துக்கு வெளியே பெரிய மங்கலான ஒளிவட்டம் ஒன்றை நாம் கண்டோம், அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வளையத்தில் உள்ள அதே விகிதத்தில் இருந்தன, அந்த ஒற்றுமைதான் கட்டுரையின் புதுமை என்றேன். அவர் தலையாட்டினார்.

இப்போது சிலியில் இருக்கும் ஒரு குழு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிய தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, வெளிவட்டமே இல்லை என்கிறது. மங்கலாகக்கூட இல்லை. மூலப் படங்கள் அனைத்தையும், எடுத்த இரவின் குறிப்புகளையும் ஜூன் 30க்குள் அனுப்பும்படி பத்திரிகை கேட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது நீ கொடுத்த முப்பத்தாறு படங்கள் மட்டும். குறிப்பு ஒன்றும் இல்லை. கொடுக்காவிட்டால் நான் படத்தை இட்டுக்கட்டினேன் என்று முடிவு கட்டுவார்கள். தவறு செய்தவன் என்றால் தாங்கிக்கொள்வேன். பொய்யன் என்றால் இருபத்து மூன்று வருட வேலையும் போய்விடும்.

அன்றிரவு நான் பாதியில் கிளம்பிவிட்டேன். குமுதாவுக்கு வலி எடுத்தது. ரதி பிறந்தாள். விடியும் வரை தொலைநோக்கியோடு இருந்தவன் நீ. நீ குறிப்பெழுதும் நோட்டு உன்னிடம் இருக்கும். மிச்சப் படங்களும் இருக்கலாம். அனுப்பு மச்சான்.

புனிதன்


புக்கிட் பெலண்டோக்,
21.4.2025

மாப்பிள்ளை புனிதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோள் நெபுலா என்றால் என்னவென்று எனக்கு விளக்கியதற்கு நன்றி. இருபத்தாறு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம் என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை.

‘நாம் கண்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தக் கட்டுரையை எடுத்து மறுபடி பார்த்தேன். அதில் ‘நாம்’ இல்லை. உங்கள் பெயரும் உங்கள் துறைத்தலைவரின் பெயரும் இருக்கின்றன. அவர் பகலில்கூட அந்தத் தோட்டத்துக்கு வந்ததில்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், தோட்டத்தில் வசிக்கும் திரு. சசிதரனின் ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருக்கிறது. ஏதோ நான் கேட்டைத் திறந்துவிட்டவன் போல.

நினைவுபடுத்துகிறேன். மூன்றாம் டிவிஷனில் பழைய செம்பனை மரங்களை வெட்டி மறுநடவு செய்தார்கள், தெற்கு வானம் இரண்டு மூன்று வருடத்துக்குத் திறந்து கிடக்கும், கன்றுகள் உயர்ந்தால் மூடிக்கொள்ளும் என்று கண்டு சொன்னது நான். தோட்டக் கங்காணியான மண்டோர் தங்கராஜுவிடம் பேசி அவர் கொட்டகையிலிருந்து கரண்டு இழுத்தது நான். பதினான்கு இரவுகள் கொசுக்கடியில் நின்று கருவியைச் சீர்செய்து, அன்றிரவு நெபுலாவைப் படத்தின் நடுவிலேயே பிடித்துவைத்தது நான். அந்த வருடத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினீர்கள். சிரித்துக்கொண்டே காட்டினீர்கள்.

அடுத்த வருடம் போர்டிக்சனில் என் பள்ளிக்கே வந்து அதே படத்தைத் திரையில் போட்டுப் பேசினீர்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “சசி சார், அந்த வயர் லூசா இருக்குலா, கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?” என்றார். முக்கால் மணி நேரம் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மாணவர்கள் முன்னால்.

நோட்டு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். என் பெயர் கட்டுரையில் ஆசிரியராக, உங்கள் பெயருக்கு முன்னால், ஏறட்டும். பிறகு தேடிப் பார்க்கிறேன்.

சசிதரன்


காஜாங்,
2.5.2025

மச்சான்,

உன் கடிதத்தைக் குமுதா படித்தாள். வயர் விஷயம் எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து பார்த்தால் பின்னால் இருட்டாகத்தான் இருக்கும். அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் பெயர் விஷயத்தில் நீ ஒன்றை மறைக்கிறாய். கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால், ஜூன் கடைசியில், உன்னைக் கூப்பிட்டேன். புகைமூட்டம் உச்சத்தில் இருந்த வாரம். பள்ளிகளை மூடியிருந்தார்கள். “மச்சான், வெளிவட்டம் ஒன்னு மாட்டிருக்கு, உன் பேரையும் போட்டுடவா?” என்றேன். நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “எனக்கெதுக்கு மாப்பிள்ள பேரு? நீங்க போட்டுக்குங்க.” நான் சரி என்று வைத்துவிட்டேன். கேட்காமல் விட்டேன் என்று சொல்லாதே.

இங்கே நிலைமை மோசமாகியிருக்கிறது. விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த இரவில் உங்களோடு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். என் மனைவியின் அண்ணன் என்றேன். குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல சாட்சி என்று நினைத்திருப்பார்.

அந்தப் படத்தை மறுமுறை எடுத்துச் சரிபார்க்காதது என் குற்றம். இரண்டு வாரத்தில் புகை வந்து வானத்தை மூடியது, பிறகு விருச்சிகம் இறங்கிவிட்டது. அடுத்த வருடம் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அனுப்பினேன். ஆனால் இல்லாத ஒன்றை நான் வரையவில்லை. அது படத்தில் இருந்தது. நீ எடுத்த படத்தில்.

உன் பெயரைச் சேர்க்கும்படி பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். முதல் பெயராக. துறைத்தலைவர் ஓய்வுபெற்றுவிட்டார், அவருக்கு மறுப்பில்லை. உன் சம்மதத்தைக் கேட்டு உனக்கு மின்னஞ்சல் வரும். நோட்டைத் தேடு.

புனிதன்


புக்கிட் பெலண்டோக்,
9.5.2025

மாப்பிள்ளைக்கு,

கேட்டீர்கள். ஒரு முறை கேட்டீர்கள்.

நம் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டுமா என்று எத்தனை முறை கேட்பார்கள்? முதல் முறை கேட்டதும் வேண்டும் என்று சொன்ன மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அம்மா மாரியம்மா அத்தை என்னை மூன்று முறை கேட்பார், நான்காவது முறை கேட்காமலே கையில் கொடுப்பார். அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள் என் ‘எனக்கெதுக்கு’வை அப்படியே எடுத்துக்கொண்டு போனை வைத்தீர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. உங்களுக்கு அது வசதியாக இருந்தது.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். திரும்பக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க நினைத்தேன்.

மின்னஞ்சல் வந்தது. சம்மதம் அனுப்பிவிட்டேன். பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு நோட்டைப் பற்றிப் பேசலாம்.

சசிதரன்

பின்குறிப்பு: அந்த முப்பத்தாறு படங்களில் சுற்றியுள்ள விண்மீன்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று இதுவரை யாராவது கேட்டார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.


காஜாங்,
23.5.2025

மச்சான்,

பெயர் ஏறிவிட்டது. பத்திரிகையின் இணையப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன், பார். முதலில் நீ, பிறகு நான். குமுதா அதை எடுத்துச் சாமி அறையில் வைக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன்.

இதன் பொருள் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று ஆகக் கூடாது. இனி அது உன் கட்டுரையும்கூட. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீயும் பொறுப்பு. கேள்விகள் உனக்கும் வரும். வெளிவட்டம் மெய்யென்று நீயும் கையெழுத்துப் போட வேண்டும்.

விண்மீன்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். யாரும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வடிகட்டி விண்மீன்களின் ஒளியைப் பெருமளவு அடைத்துவிடும் என்பது உனக்கே தெரியும். அவை சிறு புள்ளிகளாகத்தான் விழுந்திருக்கின்றன, அவற்றைச் சுற்றி எதுவும் தெரிய அவற்றுக்கு ஒளி போதாது. ஏன் கேட்டாய்? இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ‘சும்மா’ கேட்கிற ஆள் இல்லை நீ.

இன்னும் ஐந்து வாரம்.

புனிதன்


புக்கிட் பெலண்டோக்,
27.5.2025

மாப்பிள்ளைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பத்திரிகையிலிருந்து இன்று காலை எனக்கும் மின்னஞ்சல் வந்தது. ‘முதல் ஆசிரியர் என்ற முறையில்’ என்று தொடங்குகிறது.

நேற்று அலமாரியை ஒதுக்கும்போது நோட்டு கிடைத்தது. அந்த இரவின் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். ‘2.10. முன்கண்ணாடியில் பனி. உலர்த்தினேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் புரிகிறது.

நடந்தது இதுவாக இருக்க வேண்டும். நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் பம்பைப் போட்டிருக்கிறார்கள், கரண்டு விழுந்தது. கேமராவும் கணினியும் பேட்டரியில் ஓடின. ஆனால் முன்கண்ணாடியைச் சூடாக வைக்கும் பட்டை அணைந்துவிட்டது. மழை பெய்த நிலம், காற்றில்லாத இரவு. கண்ணாடியில் மெல்லப் பனி படிந்திருக்கிறது. பனித்த கண்ணாடி வழியாக நெபுலாவின் ஒளி சிதறினால் வளையத்தைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் விழும். அது வேறு வாயு இல்லை, வளையத்தின் ஒளியேதான். அதனால்தான் விகிதம் துல்லியமாக ஒன்றாக இருந்தது. நீங்கள் புதுமை என்று எழுதியது அதைத்தான்.

2.10க்குக் கரண்டு திரும்பிய பிறகு குமுதாவின் ஹேர் டிரையரால் கண்ணாடியை உலர்த்தி மேலும் இருபத்திரண்டு படங்கள் எடுத்திருந்தேன். அவற்றைப் பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் வெளிவட்டம் இருக்காது என்று நினைக்கிறேன்.

தவறு நேர்ந்தது, இப்போது கண்டுபிடித்தோம் என்று சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

சசிதரன்


காஜாங்,
8.6.2025

சசிதரன்,

இன்று ரதிக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு படங்களையும் அடுக்கிப் பார்த்தேன். வளையம் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. அதன் வடக்கு ஓரத்தில் இரண்டு முடிச்சுகள், உள்ளே நூல் நூலாக வாயு, நடுவில் அந்த வெள்ளை விண்மீன். வெளியே ஒன்றும் இல்லை. சுத்தமான இருட்டு. சிலிக்காரர்கள் சொன்னது சரி.

அந்தப் பென்டிரைவில் படங்களைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று நீ பார்க்கவில்லை போலிருக்கிறது. பழைய கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டிருக்கிறாய். அதன் பெயர் ‘பனி போன பின், சரியானவை’. உள்ளே ஒரு சிறு குறிப்புக் கோப்பு. 2013 ஜூன் 9, காலை 7.02. ஒரே வரி. ‘முதல் கட்டு செல்லாது, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.’

ரதி பிறந்த மறுநாள், ஜூன் 9 காலை, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பத்து மணிக்கு நீ வந்தாய். குழந்தையைப் பார்த்தாய். காத்திருக்கும் நேரத்தில் பார்க்க ஏதாவது கொடு என்று நான்தான் கேட்டேன். முதல் கட்டை, அந்த முப்பத்தாறு படங்களை, கொடுத்து, “இதச் சும்மா பாருங்க, மிச்சத்த அப்புறம் சொல்றேன்” என்றாய். அந்த ‘அப்புறம்’ எங்கே போனது?

தீபாவளிக்கு நான் அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே காட்டினேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு அப்போதே தெரியும். வயரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தெரியும். திரையில் இருந்தது உன் பனி. நான் அதைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன், நீ பின்னால் இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

குமுதாவிடம் சொன்னேன். “அந்தாளுக்கு உங்க மேல கோவம்னு தெரியும். ஆனா இத்தன வருசம் நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, இவன் எப்ப விழுவான்னு பாத்துக்கிட்டு இருந்தாரா?” என்றாள்.

திரும்பப் பெறும் அறிக்கையை எழுதி இணைத்திருக்கிறேன். எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. ‘இந்தப் பிழையை முதல் ஆசிரியர் அறிந்தது எப்போது’ என்ற இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். நீ எழுதியபடி ‘அண்மையில்’ என்று போட்டால், நோட்டும் படங்களும் திடீரென்று அலமாரியிலிருந்து முளைத்தது ஏன் என்று கேட்பார்கள். என்னைக் காப்பாற்ற என் மச்சான் புதிதாக எழுதித் தந்தது என்பார்கள். நான் பொய்யனாகவே இருப்பேன். உண்மைத் தேதியைப் போட்டால் நான் தப்புவேன். நீ தப்ப மாட்டாய். உன் பள்ளியிலும் வட்டாரத்திலும் இது பரவும்.

அந்தக் குறிப்புக் கோப்பை நான் குழுவுக்குக் காட்டவில்லை. காட்டினால் இந்தக் கணமே என் பிரச்சினை தீரும். இதுவரை காட்டவில்லை. இனியும் காட்ட மாட்டேன். உன்னைப் பிடித்துக் கொடுத்து என் பெயரை மீட்டேன் என்று இருக்க வேண்டாம். அந்த இடத்தை நீ நிரப்பு. எதை எழுதினாலும் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

22 நாள் இருக்கிறது.

புனிதன்


புக்கிட் பெலண்டோக்,
17.6.2025

புனிதன்,

உங்கள் அறிக்கை ஒன்பது நாளாக மேசையில் கிடந்தது. இல்லை, எட்டு நாள். ஒரு நாள் தபாலில் போயிருக்கும்.

‘அண்மையில்’ என்று இரண்டு முறை எழுதி அடித்தேன். நீங்கள் எழுதியது அத்தனையும் நடந்ததுதான். ஜூன் 9 காலை ஆஸ்பத்திரிக்கு வரும்போது சொல்லத்தான் வந்தேன். நீங்கள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து நீங்கள் போனில் ‘வெளிவட்டம்’ என்றதும் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பெயர் பேச்சை எடுத்தீர்கள், நான் ‘எனக்கெதுக்கு’ என்றேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள். இன்னொரு முறை கேட்டிருந்தால் பனியைப் பற்றியும் சொல்லியிருப்பேன் என்று பன்னிரண்டு வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. போனைத் திரும்ப எடுத்து உங்கள் எண்ணை அழுத்துவதை யாரும் தடுக்கவில்லை.

குமுதா கேட்டதற்குப் பதில் ஆமாம். காத்திருந்தேன். யாராவது ஒருவர் பெரிய தொலைநோக்கியில் பார்ப்பார், அன்றைக்கு நீங்கள் விழுவீர்கள், நான் வெளியே நின்று பார்ப்பேன் என்று காத்திருந்தேன். என் பெயர் அதில் இல்லை என்பது ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டே உங்களிடம் பெயர் கேட்டேன். நீங்கள் மறுப்பீர்கள், என் கோபத்துக்கு இன்னொரு காரணம் கிடைக்கும் என்றுதான் கேட்டேன். கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பொடி எழுத்தில் நன்றி போட்டது தப்புத்தான். அந்தத் தப்பு உங்களுடையது, அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் பொய்யன் என்று உங்களை யாரும் சொல்லக் கூடாது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

வெற்றிடத்தில் எழுதியிருப்பது இது:

‘இந்தப் பிழையை முதல் ஆசிரியர் 2013 ஜூன் 8, அதிகாலை 2.10 மணிக்கே அறிந்திருந்தார். முன்கண்ணாடியை உலர்த்தியதும் வெளிவட்டம் மறைவதைத் திரையில் தம் கண்ணால் பார்த்தார். இரண்டாம் ஆசிரியரிடம் அதைச் சொல்லவில்லை. கட்டுரை வெளிவந்த பின்னும் சொல்லவில்லை. பிந்தைய படங்களையும் குறிப்பையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். இரண்டாம் ஆசிரியர் தமக்குக் கிடைத்த படங்களை நேர்மையாகவே ஆராய்ந்தார்.’

அந்தக் குறிப்புக் கோப்பையும், நோட்டின் மூலத்தையும், ஐம்பத்தெட்டுப் படங்களையும் சேர்த்து நானே பத்திரிகைக்கும் உங்கள் விசாரணைக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். இன்று காலை ஒன்பதே கால் மணிக்கு. உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. நீங்கள் மனமிரங்கி ஏதாவது ஒரு சொல்லை மாற்றிவிடுவீர்கள் என்ற பயத்தால் அல்ல. இன்னும் ஒரு நாள் மேசையில் கிடந்தால் நான் மாற்றிவிடுவேன்.

சசிதரன்